கருணைக்கொலை: அந்த நாளில் கூட நில்லுங்கள்

(நமது அசோசியேஷனின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், வார இறுதிகளில் விலங்குகள் காப்பகத்தில் தன்னார்வத் தொண்டராக வேலை செய்யும் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தலைவர், செயலாளர், கமிட்டி உறுப்பினர்கள், ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கும் நீங்கள் எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் டேங்கர் கணக்கையும் மெயின்டெனன்ஸ் பாக்கியையும் பேசி முடித்த பிறகு, இந்த விஷயத்துக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் இந்தப் பேச்சு என்று பலருக்குத் தெரியும். போன மாதம் மெயின் கேட்டுக்கு எதிரே பாகலூர் ரோட்டில் ஒரு லாரி நாயை அடித்துவிட்டுப் போனது. பி பிளாக் குழந்தைகள் 'பிஸ்கட்' என்று கூப்பிடும் அந்தப் பழுப்பு நிற நாய்தான். நம்மில் இரண்டு பேர் சாக்குப் பையை ஸ்ட்ரெச்சராக வைத்துக் காரில் காப்பகத்துக்கு எடுத்துப் போனார்கள். மறுநாள் மதியம் அதற்குக் கருணைக்கொலை ஊசி போடப்பட்டது. அன்று மாலை நம் வாட்ஸ்அப் குரூப்பில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் வந்த மெசேஜ்களில் இரண்டு என் மனதில் நின்றுவிட்டன. ஒன்று: "காப்பாத்தத்தானே கொண்டு போனோம், கொல்றதுக்கா?" இன்னொன்று: "நல்லதாப் போச்சு, பேஸ்மென்ட்ல இன்னும் நாலு இருக்கு, அதுக்கும் போட்டுடச் சொல்லுங்க."

போட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். சுலபமான இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன்.

குரைப்பது, கூட்டமாகத் திரிவது, பார்க்கிங்கில் படுப்பது, பைக்கைத் துரத்துவது எதுவும் ஒரு நாயைக் கொல்லக் காரணம் ஆகாது. 2023-இல் வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. குணப்படுத்த முடியாத நோய் உள்ளவை, பிழைக்க வழியில்லாதபடி அடிபட்டவை, இவற்றுக்கு மட்டும்தான் கருணைக்கொலை. அதையும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு நியமித்தவர்கள் பார்த்து உறுதி செய்ய வேண்டும். தகுதி பெற்ற கால்நடை மருத்துவர்தான் ஊசி போட வேண்டும். இன்னொரு விலங்கின் கண் எதிரில் செய்யக்கூடாது. அப்புறப்படுத்தும் முன் உயிர் போய்விட்டது என்பதை உறுதி செய்ய வேண்டும். 2025-இல் தமிழக அரசு கொடுத்த அனுமதியும் கடும் நோயிலும் காயத்திலும் அவதிப்படும் தெருநாய்களுக்குத்தான். தொந்தரவு தரும் நாய்களுக்கு இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்றது. வெறிநோய் உள்ளவை, மூர்க்கமாக நடந்துகொள்பவை மட்டும் விதிவிலக்கு. அவற்றையும் தனியாக அடைத்து வைக்கத்தான் சொன்னது. யாராவது தானாக விஷம் வைத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவில் வரும் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை. பேஸ்மென்டில் இருக்கும் நாலு நாய்க்கும் தேவையானது கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும்தான். அதற்குத் தனியாக ஒரு நாள் உட்காருவோம்.

இப்போது முதல் மெசேஜ். "கொல்றதுக்கா கொண்டு போனோம்?" இது நியாயமான கேள்வி. ஒவ்வொரு முறையும் காப்பகத்தில் இருப்பவர்களும் தங்களையே கேட்டுக்கொள்கிற கேள்வி.

முதல் தடவை காப்பகத்துக்கு வருகிறவர்கள் எதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு "இதுக்குப் போய் வைத்தியமா, போட்டுடுங்களேன்" என்பார்கள் தெரியுமா? தலையில் புழு வைத்த புண். மண்டை ஓடு தெரிகிற அளவுக்குக் குழி விழுந்திருக்கும், நாற்றம் பத்தடிக்கு வரும். ஆனால் புழுவை எடுத்து, சுத்தம் செய்து, மருந்து போட்டுக் கட்டினால் பெரும்பாலும் சில வாரத்தில் மூடிவிடும். பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டும் கட்டியும் அப்படித்தான். அது இனச்சேர்க்கையில் பரவும் ஒரு வகைக் கேன்சர். பார்க்கப் பயங்கரம், ஆனால் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று சில வாரம் போட்டால் பெரும்பாலான நாய்கள் குணமாகிவிடும். முடி முழுக்கக் கொட்டிக் கல் மாதிரி தோல் இறுகிய சொறிநாய் மூன்று மாதத்தில் அடையாளமே தெரியாமல் மாறிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வாலை ஆட்டிக்கொண்டு வரும் நாலு மாதக் குட்டி. பால் வைத்தால் குடிக்கும். ஆனால் தாடை தானாகத் துடித்துக்கொண்டே இருக்கும், ஒரு கால் தாளம் போடுவதுபோல வெட்டும். டிஸ்டெம்பர் மூளைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். சில குட்டிகள் அந்தத் துடிப்போடு பிழைத்துவிடும். பல குட்டிகளுக்கு அது வலிப்பாக மாறி, ஒரு நாளைக்கு ஐந்து, பத்து என்று ஏறும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அந்தக் குட்டிக்குத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். வந்து பார்க்கிறவர்களுக்கு இது புரியாது. "நேத்து பால் குடிச்சுதே!" என்பார்கள்.

பிஸ்கட் விஷயமும் அதுதான். கூட்டிப் போனவர்கள் "அது கத்தவே இல்லை, அமைதியா இருந்தது, அதனால வலி இல்லைன்னு நெனச்சோம்" என்றார்கள். நாய்கள் வலியை மறைக்கும். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு நடுவில் முறிந்து இரண்டு துண்டும் விலகியிருந்தது. டாக்டர் பின்னங்கால் விரலை ஃபோர்செப்ஸால் அழுத்திக் கிள்ளினார். கால் இழுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவர் "உணர்ச்சி இருக்கு!" என்று சந்தோஷப்பட்டார். கால் இழுத்துக்கொள்வது வெறும் அனிச்சைச் செயல். அதற்கு மூளை தேவையில்லை. நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பிஸ்கட் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தோடு மூத்திரப்பையும் உள்ளே கிழிந்து, வயிறு வீங்கத் தொடங்கியிருந்தது. இரவு முழுக்க வலி மருந்தும் டிரிப்ஸும் கொடுத்துப் பார்த்தார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ ஹெப்பாலுக்கோ கொண்டு போகலாமா என்றும் பேசினார்கள். அந்த முதுகோடு அவ்வளவு தூரம் வண்டியில் குலுக்கிக் கொண்டு போவதே தனி வதை. போனாலும் விலகிய தண்டுவடம் திரும்பி வராது.

பின்னங்கால் செயலிழந்த எல்லா நாய்க்கும் ஊசி போடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு சக்கர வண்டி கட்டி ஓடுகிற நாய்கள் உண்டு. ஆனால் அதன் மூத்திரப்பையை ஒரு நாளைக்கு மூன்று, நாலு தடவை கையால் அழுத்திக் காலி செய்ய வேண்டும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட வேண்டும், அதுவும் அதன் ஆயுள் முழுக்க. ஒரு வீட்டில் ஒரு மனிதர் அதைச் செய்தால் அந்த நாய்க்கு நல்ல வாழ்க்கை கிடைக்கும். நூறு நாய்க்கு நாலு ஆள் உள்ள காப்பகத்தில், எல்லோரும் எவ்வளவு பாடுபட்டாலும், அதே நாய் ஈரத்தில் கிடந்து இடுப்பு அழுகிப்போகும். முறிந்த எலும்பு ஒன்றுதான். முடிவு மாறுவது பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதால். இந்த வேலையில் என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான். இதற்குச் சுலபமான பதில் யாரிடமும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்தது என்று நினைக்காதீர்கள். காந்தியையே விட்டுவைக்கவில்லை. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி கால் முடங்கி, திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் கிடந்தது. மருத்துவர் இனி வழியில்லை என்றார். காந்தி ஆசிரமத்தில் இருந்தவர்களோடு பேசினார், சிலர் எதிர்த்தார்கள். கடைசியில் மருத்துவரை வைத்து விஷ ஊசி போட்டு அதன் உயிரைப் போக்கினார்கள். அதை மறைக்காமல் தன் நவஜீவன் பத்திரிகையிலேயே எழுதினார். அவ்வளவுதான், நாடு முழுவதிலிருந்தும் கோபமான கடிதங்கள் குவிந்தன. அகிம்சை பேசுகிறவர் பசுங்கன்றைக் கொல்லலாமா என்று. வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே அந்த நிலைமை! என் குழந்தை அதே நிலையில் கிடந்து, வேறு எந்த வழியும் இல்லையென்றால், அதற்கும் இதையே செய்வேன் என்கிற அளவுக்கு அவர் பதில் எழுதினார். அந்தக் கடைசி வாதத்தோடு நான் உடன்படுகிறேனா என்பது வேறு விஷயம். அவர் கன்றை மருத்துவரிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை, 'முடிவு என்னுடையது' என்று ஊரறியச் சொன்னார். அதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன்.

நமக்குப் பக்கத்து ஊர்க் கதையும் ஒன்று உண்டு. சேலம் சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரி. பல வருடமாகக் காலில் பிரச்சினை. 2018-இல் எழவே முடியாமல் படுத்துவிட்டது. கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்டு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் 'கொல்லுங்கள்' என்று சொல்லவில்லை. கால்நடை மருத்துவர் பரிசோதித்து, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று சான்று கொடுத்தால் செய்யலாம் என்றது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் இருக்கும் அளவுகோலும் அதுதான். உத்தரவு வந்த சில நாட்களில், ஏப்ரல் 21 அன்று, யானை தானாகவே இறந்துபோனது. ஊசி தேவைப்படவில்லை என்று பலர் நிம்மதி அடைந்தார்கள். ஊசிக்குக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் போனதே என்று நாம் நிம்மதி அடைகிறோமா, அது வலியில்லாமல் போனது என்று நிம்மதி அடைகிறோமா என்று அப்போது யோசித்தேன். இரண்டும் ஒன்றல்ல.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் காப்பகத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் உருவாக்கிய மதிப்பெண் முறை அது. வலி கட்டுக்குள் இருக்கிறதா, சாப்பிடுகிறதா, உடம்பில் நீர் இருக்கிறதா, சுத்தமாக வைத்திருக்க முடிகிறதா, எதிலாவது சந்தோஷப்படுகிறதா, நடமாட முடிகிறதா, கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். மொத்தம் 35-க்கு மேல் வந்தால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. வீட்டில் வயதான நாய், பூனை வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். ஒரே நாளில் போடாதீர்கள். காலண்டரில் தினமும் எழுதி வாருங்கள். வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டால் இன்னும் நல்லது. உங்கள் மார்க்குக்கும் உங்கள் அம்மா போடும் மார்க்குக்கும் உள்ள வித்தியாசமே நிறையச் சொல்லும். காப்பகத்தில் டாக்டர், தினமும் சோறு வைக்கும் ஆள், ஒரு தொண்டர் என்று மூன்று பேர் போடுகிறார்கள். டாக்டர் ஒத்துக்கொள்ளாமல் எதுவும் நடக்காது. சோறு வைக்கும் ஆளின் மார்க்கை நாங்கள் ரொம்ப மதிப்போம். நாய் அவரைப் பார்த்துக் காதை அசைக்கிறதா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும்.

வெறிநோய் இந்தத் தாளுக்குள் அடங்காது. அறிகுறி வந்துவிட்டால் வைத்தியமே கிடையாது. 2023 விதிகளின்படி, வெறிநோய் இருக்கலாம் என்று கண்டறிந்த நாயைத் தனியாக அடைத்து, இயற்கையாக இறக்கும்வரை வைத்திருக்க வேண்டும். வழக்கமாகப் பத்து நாளுக்குள் முடிந்துவிடும். அந்தக் கூண்டுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று நான் வர்ணிக்க விரும்பவில்லை. கடிபட்டவர் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மஞ்சள் தடவிவிட்டு உட்காருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் சொல்கிறேன்.

அந்த நாள் எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரியாததால்தான் பயம் பெரிதாகிறது. தனி அறை. முதலில் மயக்க ஊசி. சில நிமிடத்தில் நாய் ஆழ்ந்து தூங்கிவிடும், தொட்டால் தெரியாது. அதன் பிறகுதான் நரம்பில் இரண்டாவது மருந்து; மூச்சும் இதயமும் நிற்கும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார், சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்பார். கூட நிற்பவர்கள் மூன்று விஷயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கண் மூடாது, திறந்தே இருக்கும். இறந்த பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பதுபோல உடம்பு அசையலாம். மூத்திரம் போகலாம். இவை வலி அல்ல. இதைச் சொல்லாமல் விட்டதால், 'அது சாகவே இல்லை, கண்ணைத் திறந்து பார்த்தது' என்று வருடக்கணக்கில் வருந்தும் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். பிறகு ஆழக் குழி தோண்டிப் புதைப்போம். ஆழம் முக்கியம், உடம்பில் அந்த மருந்து இருக்கும், வேறு நாயோ கழுகோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும்.

இதைச் செய்கிறவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் பேச நினைத்தேன். காப்பகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் காலையில் எந்த நாய்க்கு ஊட்டினாரோ அதே நாயை மதியம் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாலையில் பஸ் ஏறி வீட்டுக்குப் போனால் "இன்னிக்கு என்ன வேலை?" என்று கேட்கிறவர்களிடம் என்ன சொல்வார்? பெர்னார்ட் ராலின் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1980-களிலேயே இதைப் பற்றி எழுதினார். இதை 'அறநெறி அழுத்தம்' என்றார். சாதாரண வேலை அழுத்தம் லீவு போட்டால் குறையும், இது குறையாது. காப்பாற்ற வந்தவன் கையாலேயே உயிர் போகிறது என்ற முரணில் இருந்து வருகிறது என்பது அவர் கருத்து. அமெரிக்கக் காப்பகங்களில் இடமில்லை என்பதற்காகவே ஆரோக்கியமான நாய்களுக்கும் ஊசி போட்டு வந்தார்கள். அதைச் செய்யச் சொல்லப்பட்டவர்களைப் பார்த்துத்தான் அவர் எழுதினார். நம் சட்டத்தில் இடமில்லை என்பது காரணமே இல்லை, நல்லவேளை. ஆனால் 2025 நவம்பர் 7-இல், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருந்து நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காப்பகங்கள் நிரம்ப நிரம்ப, யாருக்கு நேரம் கொடுப்பது என்ற கேள்வி கடுமையாகும்.

நாங்கள் போகும் காப்பகத்தில் சில பழக்கங்கள் இருக்கின்றன. ஒரே ஆள் தொடர்ந்து பிடிப்பதில்லை, முறை மாறும். ஊட்டி வளர்த்தவர் விரும்பினால் நிற்கலாம், விரும்பாவிட்டால் யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. ஊசி முடிந்ததும் அடுத்த கேஸுக்கு ஓடாமல் டீ போட்டுக் குடிப்போம். அந்தப் பத்து நிமிடம் யாராவது ஏதாவது பேசுவார்கள், சில நாள் யாருமே பேச மாட்டார்கள். ஒரு நோட்டில் பெயர், தேதி, காரணம் எழுதுவோம். பெயரில்லாத நாய்க்கு அன்று யாராவது ஒரு பெயர் வைப்பார்கள். இதெல்லாம் பெரிய வைத்தியம் இல்லை. தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போனால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலைகள் அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன.

இவர்களுக்கு ஊசியைவிட அதிகம் வலிப்பது அதற்குப் பிறகு வரும் போன்தான். "கொன்னுட்டீங்களா?" கொண்டுவந்து விட்டவர் வாசலிலேயே திரும்பிவிட்டார், எக்ஸ்ரே பார்க்கவில்லை, இரவு இருக்கவில்லை. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, தாங்க முடியாமல்தான் போகிறார். ஆனால் தாங்க முடியாத அந்தப் பாரம் எங்கேயும் போய்விடுவதில்லை. மாதம் சொற்பச் சம்பளம் வாங்குகிற ஒருவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிஸ்கட்டைத் 'தூங்க வைத்துவிட்டார்கள்' என்று சொன்ன வீட்டில் ஒரு பெண் குழந்தை நாலு நாள் தூங்கப் பயந்தாள் என்று அவளுடைய பாட்டி சொன்னார். 'ஊருக்குப் போயிருக்கு' என்றால் கேட்டில் நின்று காத்திருப்பார்கள். 'பலமா அடிபட்டுச்சு, டாக்டரால சரி பண்ண முடியல, வலி தெரியாம இருக்க மருந்து கொடுத்தாங்க, செத்துப்போச்சு' என்று சொல்லுங்கள். அழுவார்கள், அழட்டும். கருணைக்கொலை என்ற வார்த்தையில் பாதி கருணை, பாதி கொலை. பெரியவர்கள் நாம் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம்.

கமிட்டியிடம் ஏற்கெனவே பேசிவிட்ட சில ஏற்பாடுகளைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மெயின் கேட் செக்யூரிட்டி ரூமில் ஒரு பழைய கதவுப் பலகை, இரண்டு தடித்த போர்வை, வாய்க்கட்டு வைத்திருக்கிறோம். முதுகில் அடிபட்ட நாயைக் கையில் தூக்காதீர்கள், பலகையில் நகர்த்துங்கள். எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும் வலியில் கடிக்கும், வாயைக் கட்டிவிட்டுத் தொடுங்கள். மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்ட வேண்டாம். காப்பகத்தின் நம்பரும் அரசுக் கால்நடை மருந்தகத்தின் நம்பரும் சுவரில் ஒட்டியிருக்கின்றன.

இன்னொன்று, நாயைக் கொண்டு போகிறவர் தன் பெயரையும் நம்பரையும் காப்பகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் டாக்டர் கூப்பிடும்போது போக வேண்டும். போக முடியாதவருக்குப் பதிலாகப் போக ஒரு பட்டியல் போடுகிறோம். இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பேர் சி பிளாக் இல்லத்தரசிகள், ஒருவர் ரிட்டயர்டு ஆசிரியர். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் காலையில் வரக்கூடியவர்கள் இருந்தால் இன்னும் உதவும். சிப்காட்டில் வேலை செய்பவர்கள் கையைத் தூக்குங்கள். பெயர் கொடுப்பவர்கள் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், தேதியைக் குரூப்பில் போடுகிறேன். நோட்டு அங்கே டீ டேபிளில் இருக்கிறது.